பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு முழுக் கட்டுரை எழுதாதீர்கள்

கேரள எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வாயனசாலை (படிப்பகம்) மேஜையில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டையும் படிப்பார்கள், இரண்டையும் திட்டுவார்கள். போன மாதம் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் அங்கே வந்து, போரை எதிர்த்துப் பேசிய பாடகர்களைப் பத்திரிகைகள் எப்படிக் காட்டுகின்றன என்று தாங்கள் எழுதிய புராஜெக்டைப் படித்துக் காட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழியில் வரிசையாக வந்து விழுகிறார்கள். தேதிப் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, அதை உங்கள் கைடு பார்த்துக்கொள்வார்.

மேற்கோளை யார் வெட்டினார்கள் என்று பார்க்காதது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

2003 மார்ச் 10. இராக் படையெடுப்புக்கு இன்னும் பத்து நாள்கூட முழுசாக இல்லை. லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் டிக்ஸி சிக்ஸ் என்ற டெக்சஸ் இசைக்குழுவின் கச்சேரி, கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை அவர்களுடையது. மேடையில் பாடகி நேட்டலி மெய்ன்ஸ் சொன்னது இவ்வளவுதான்: நாங்களும் உங்கள் பக்கம்தான், இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் டெக்சஸ்காரராக இருப்பதில் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து கார்டியன் என்ற பிரிட்டிஷ் நாளிதழில் விமர்சனம் வந்தது. அதில் வெட்கம் இருந்தது, போர் வேண்டாம் என்ற பகுதி இல்லை. அந்த வெட்டுப்பட்ட வரிதான் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். வானொலி நிலையங்கள் பாட்டை நிறுத்தின, லூசியானாவில் சிடிக்களைப் போட்டு டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள், க்யூமுலஸ் நிறுவனம் தன் கன்ட்ரி நிலையங்களில் ஒரு மாதம் அவர்களை ஒதுக்கி வைத்தது.

மறு வருஷம் ஒரு சிற்றிதழில் நான் பதினான்கு பக்கம் எழுதினேன். என் வாதம் என்ன தெரியுமா? போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அதிபரின் சொந்த ஊரைச் சொல்லிக் குத்தியதால், பத்திரிகைகளுக்கு அந்தப் பாடகியே தீனி போட்டுவிட்டார் என்பது! பேச்சின் முழு வடிவத்தைப் பிறகுதான் பார்த்தேன். பாதி வாக்கியத்தை ஒரு பத்திரிகை தர, அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு பத்திரிகைகளை ‘ஆராய்ந்திருக்கிறேன்’. மறுப்பு எழுதி அனுப்பினேன், அவர்கள் போடவில்லை. அதற்குள் ஒரு பெண் தன் எம்ஃபில் ஆய்வேட்டில் என் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டிருந்தார். அதைக் காட்டி ஒருவர் என்னைப் பாராட்டியபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதில் பிள்ளைகள் செய்கிற அடுத்த தப்பு, வெட்டியவர் எதிரிதான் என்று முடிவு கட்டுவது. அந்த விமர்சனத்தைப் படித்துப் பாருங்கள், எழுதியவர் பாடகியைப் பாராட்டுகிறார். போருக்கு ஆதரவாகப் பாட்டு வெளியிட மற்ற கன்ட்ரி பாடகர்கள் அலைமோதும்போது இப்படிப் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும் என்கிற தொனி அதில் இருக்கிறது. கச்சேரி விமர்சனத்தில் சுருக்கென்று குத்தும் வரிக்குத்தான் மதிப்பு. அதே வரி இன்னொரு நாட்டு அரசியல் பக்கத்துக்குப் போனதும் வேறு பொருளாகிவிட்டது, சதி என்று எதுவும் தேவைப்படவில்லை.

அமெரிக்கப் பாடகி ஏர்த்தா கிட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1968 ஜனவரி 18, வெள்ளை மாளிகையில் மதிய விருந்து, பேச்சு தெருக் குற்றங்களைப் பற்றி. இளைஞர்களைப் போருக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாகக் கொடுக்கிறீர்கள், அதனால்தான் அவர்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்றார் அவர். செய்தியாக ஊர் சுற்றியது அதிபர் மனைவி கண்கலங்கினார் என்பது. சொன்னது போய் அழுதது மிஞ்சியது. கிட்டுக்கு அமெரிக்காவில் மேடைகள் வற்றின, அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவரைப் பற்றி ஒரு கோப்பே தயாரித்திருந்தது 1975இல் வெளியே வந்தது.

ஆகவே முதலில் பேச்சின் முழு வடிவம். அடுத்து அது முதன்முதலாக அச்சான இடம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, காணாமல் போன சொற்களுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். என் நோட்டில் இன்றும் அந்தக் கோடுதான் முதல் வேலை.

‘ஊடகம்’ என்று எழுதுவது

அப்படி ஒரு ஆள் கிடையாது.

‘சர்ச்சை’ என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவது

எண்ணிவிட்டு?

நம்ம பொண்ணு என்பதால் கண்ணை மூடிக்கொள்வது

தமிழ்ப் பிள்ளைகள் எம்.ஐ.ஏ.வை விடமாட்டார்கள், விடவும் வேண்டாம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்தியதால் திரும்பி வந்தவர். 2010இல் நியூயார்க் டைம்ஸ் மேகசின் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையில், தன்னை வெளியாள் என்று சொல்லிக்கொண்டே ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளான் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறிப்பதாக ஒரு காட்சி வரும். அவ்வளவு பேச்சையும் ஒரு தட்டு வறுவல் கவிழ்த்துவிடும். வறுவல் வாங்கலாம் என்று முதலில் சொன்னவரே நிருபர்தான் என்பது, எம்.ஐ.ஏ. ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாவில் தெரிந்தது. வெவ்வேறு இடத்தில் பேசியவை ஒரே மேற்கோளாகச் சேர்ந்துவிட்டன என்று அந்த இதழும் திருத்தக் குறிப்பு போட்டது.

சரி, இதை எல்லாரும் எழுதுகிறார்கள். கோபத்தில் அவர் நிருபரின் போன் நம்பரை ட்விட்டரில் போட்டதை மட்டும் எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட எழுதவில்லை. எம்.ஐ.ஏ.வின் அப்பாவை விடுதலைப் புலி என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியதை மூன்று பேர் அப்படியே இறக்கியிருந்தார்கள். அவர் ஈரோஸ் என்ற வேறொரு ஈழத் தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தமிழில் எழுதுகிற நமக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் வெள்ளைக்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பின்னால் நடந்தது தெரிந்த கண்ணோடு பழைய பேப்பர் படிப்பது

டிக்ஸி சிக்ஸ் 2007இல் ஐந்து கிராமி விருது வாங்கப் போகிறார்கள் என்று 2003இல் யாருக்கும் தெரியாது. 1967இல் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் வியட்நாம் போர் எதிர்ப்புப் பாட்டை ஒரு நிகழ்ச்சியிலிருந்து வெட்டிய அமெரிக்கத் தொலைக்காட்சி சிபிஎஸ், மறு பிப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் அதே பாட்டை விட்டது. அந்தச் சில மாதங்களில் நாட்டின் மனசு எங்கே நகர்ந்தது என்று அந்தந்த நாள் பேப்பரில் தேடுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஏறிய காரம்

எல்லைப்புறத்து ஆட்களுக்கே உரிய தப்பு இது. ஒரு பையன், நேட்டலி மெய்ன்ஸ் “அதிபர் டெக்சஸுக்கே அவமானம்” என்று சொன்னதாக எழுதி, எவ்வளவு கடுமையான வசை என்று இரண்டு பக்கம் அலசியிருந்தான். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்பதும் நீ அவமானம் என்பதும் ஒன்றா என்று கேட்டேன்.

“மாஷே, மலையாளத்தில் அப்படித்தான் இருந்தது” என்று ஒரு பழைய கட்டிங்கின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். லஜ்ஜ (வெட்கம்) என்று வந்திருக்க வேண்டிய இடத்தில் நாணக்கேடு (அவமானம்) என்று போட்டிருந்தார்கள். பையன் புராஜெக்டின் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டான், இப்போது அந்த ஒரு கட்டிங்கைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.