மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படும்போது நடக்கும் தவறுகள்

பரிசோதனைச் சீட்டில் ‘இயல்பு அளவு’ என்று அச்சாகியிருப்பதை நம்பி இருந்துவிடுவதுதான் முதல் தவறு. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் ரத்தத்தில் வழக்கமாக 0.9 இருந்து 1.2 ஆனால், சீட்டின்படி அது இயல்பு. உங்களுக்கோ மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். உங்கள் பழைய அளவோடு மட்டுமே ஒப்பிடுங்கள். வலி, காய்ச்சல், வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்று பெரும்பாலான நிராகரிப்பு, அதாவது மாற்றிய சிறுநீரகத்தை உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குவது, சத்தமில்லாமல்தான் தொடங்குகிறது.

எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். முந்தைய இரவு வேளையிலிருந்து 12 மணி நேரம் கழித்து, காலை வேளைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் நிராகரிப்பு வரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலும் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும், சிறுநீரக மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பயாப்சி (சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) செய்யாமல், நிராகரிப்பு என்று நினைத்து ஸ்டீராய்டு ஏற்றுவது. நீர்ச்சத்து குறைந்தாலும், சிறுநீர்ப் பாதை அடைத்தாலும், டாக்ரோலிமஸ் மிகுந்தாலும் கிரியாட்டினின் ஏறும். பிகே வைரஸ் தாக்கினால் திசுவிலும் நிராகரிப்புப் போலவே தெரியும். ஆனால் அதற்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் குறைக்க வேண்டும், கூட்டினால் வைரஸ் பெருகும். திசுவில் குறைந்தது 10 குளோமருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு), 2 தமனி கிடைத்தால்தான் நம்பிச் சொல்ல முடியும். பயாப்சிக்கு நாள்கணக்கில் தாமதமாகும் என்றால் மட்டும் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

எந்த வகை நிராகரிப்பு என்று பிரிக்காமல் விடுவதும் ஆபத்து. டி செல் என்ற வெள்ளை அணுவால் வருவதற்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, பொதுவாக நாளுக்கு 250 முதல் 500 மி.கி., 3 நாள். ரத்தக் குழாயையே தாக்கியிருந்தாலோ, ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டாலோ டி செல்லை அழிக்கும் தைமோகுளோபுலின். எதிரணுக்களால் (ஆன்டிபாடி) வந்ததற்கு ஸ்டீராய்டு மட்டும் போதாது; ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றமும், தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிரணு மருந்தான இம்யூனோகுளோபுலினும் வழக்கமாகச் சேரும். அங்கே வரிசை முக்கியம்: இம்யூனோகுளோபுலினை ஏற்றிவிட்டு உடனே பிளாஸ்மா மாற்றினால் விலையுயர்ந்த அந்த மருந்தும் பிளாஸ்மாவோடு வெளியேறிவிடும்.

கிரியாட்டினின் இறங்கியதும் கவனம் தளர்வது கடைசித் தவறு. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு தொற்று எளிதில் பிடிக்கும். தொற்றைத் தடுக்கக் கொடுத்து நிறுத்தியிருந்த கோட்ரைமாக்சசோலையும், தேவையிருந்தால் வைரஸுக்கு எதிரான வால்கான்சிக்ளோவிரையும் மீண்டும் தொடங்கவேண்டுமா என்று வீட்டுக்குப் போகும் முன்பே கேளுங்கள். ஸ்டீராய்டு ஏறும் நாள்களில் சர்க்கரையையும் பார்க்க வேண்டும், இதுவரை சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட.