வன்னியில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட வருவோர் விடும் தவறுகள்

ஆடி பிறந்தால் சுவிஸிலும் பிரான்சிலும் வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வட இலங்கையில் இருக்கும் எங்கள் வன்னி ஊர்களுக்கு வந்துவிடுவார்கள். இப்போது சிலர் பந்தயச் சைக்கிளையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறார்கள். 2,429 மீற்றர் உயரத்தில் இருக்கும் சுவிஸின் ஃபுர்கா கணவாயையும், பிரான்சின் அல்ப் துவேஸ் மலை வீதியின் 21 வளைவுகளையும் ஏறிப் பழகிய கால்கள் அவை. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையில் பாதை வகுத்த அதே கணக்கோடு இங்கே இறங்கினால், பதினொரு மணி வெயிலில் ஏதாவது ஒரு மரத்தடியில் தலை சுற்றிக் கிடக்க வேண்டி வரும்.

முதல் பிழை, தட்டை நிலம் சுகமானது என்று நினைப்பது. வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியைக் கைபேசியில் போட்டுப் பார்த்தால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே தெரியாது. உடனே, "அங்கே நூறு கிலோமீற்றர் ஓடுகிறேன், இங்கே நூற்றைம்பது ஓடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். மலையில் இரண்டு மணி நேரம் ஏறினாலும் மறுபக்கம் இறங்கும்போது கால் ஆறும், முதுகு நிமிரும். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை அப்படி ஓர் இறக்கம் கிடையாது. உழக்குவதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். மணிக்கணக்காக ஒரே இருப்பில் குனிந்திருப்பதால் கையும் கழுத்தும் இருக்கையும்தான் முதலில் நோகும், கால் அல்ல. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று உழக்குங்கள், கைப்பிடியைப் பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள்.

அடுத்தது காற்று. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஐரோப்பாவின் கோடை விடுமுறையும் எங்கள் சோளகமும் ஒரே காலத்தில் வருகின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றுதான் வன்னியின் மலை. மலையேறும்போது வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும், அங்கே உடல் எடையோடுதான் போராட்டம். சமதரையில் போராட்டம் முழுக்கக் காற்றோடு. காற்றுத் தடை, காற்று மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீங்கள் 25 கிலோமீற்றர் வேகத்தில் போக, எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், உங்கள் நெஞ்சில் மோதும் வேகம் 45. காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் தடை மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே எந்தத் திசையில் சுற்றுவது என்பதே இங்கே பாதி வேலை. பரந்தன், மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, மீண்டும் பரந்தன் என்று ஒரு நல்ல வளையம் உண்டு, 130, 140 கிலோமீற்றர் வரும். கடலைச் சீக்கிரம் பார்க்கும் ஆசையில் வருபவர்கள் முல்லைத்தீவுக்கு முதலில் போய்விடுகிறார்கள். பிறகு உச்சி வெயிலில் முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கி மேற்கே திரும்பும்போது சோளகம் முழுசாக முகத்தில் அடிக்கிறது. விடியலில் காற்று அடங்கியிருக்கும்போதே தெற்கே மாங்குளத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வளரும் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு முல்லைத்தீவில் விடும். அன்றைக்கு அங்கேயே தங்கி, மறுநாள் விடியலில் புதுக்குடியிருப்புப் பக்கமாகத் திரும்புவது என் விருப்பம். ஒரே நாளில் முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பூநகரியிலிருந்து மன்னார் போகும் ஏ32 வீதியில் காற்றுக்கு மறைப்பே இல்லாத வெளிகள் இன்னும் அதிகம். அதைச் சோளகத்தில் வடக்கு நோக்கி ஓடுங்கள், தெற்கு நோக்கி வேண்டாம்.

சரி, வெயிலுக்குப் பயந்து எத்தனை மணிக்குப் புறப்படுவது? மலையில் குளிர் விடட்டும் என்று ஒன்பது மணிக்குக் கிளம்பலாம். இங்கே ஒன்பது மணிக்குப் பாதித் தூரம் முடிந்திருக்க வேண்டும், பத்தரைக்கு நிழலில் இருக்க வேண்டும். அதற்காக நாலு மணி இருட்டில் காட்டுப் பாதைக்குள் நுழைவதும் பிழைதான். மாங்குளம்-ஒட்டுசுட்டான், புளியங்குளம்-நெடுங்கேணிப் பக்கங்களில் யானை வீதியைக் கடப்பது இருள் பிரியும் நேரத்திலும் மாலை மங்கலிலும்தான். சத்தமில்லாமல் வரும் சைக்கிள் யானைக்கும் தெரியாது, யானை நிற்பது உங்களுக்கும் தெரியாது. இருட்டோடு புறப்படுவதென்றால் பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி என்று ஆள்நடமாட்டம் உள்ள பகுதியை முதலில் ஓடுங்கள். அங்கும் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்காக முன்விளக்கு நல்லதாக இருக்கட்டும். காட்டுக்குள் போகும்போது நன்றாக வெளித்திருக்க வேண்டும். மேலே சொன்ன வளையத்தை மாங்குளம் வழியாகத் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டால் உப்புக்கும் பசிக்கும் வழியில் உதவும்.

தண்ணீர் விஷயத்தில் சுவிஸ் கிராமத்து ஊற்றுக் குழாய்களை மறந்துவிடுங்கள். கண்ட குளத்திலும் அள்ளிக் குடிக்காதீர்கள். மூன்று போத்தலாவது வேண்டும். வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தால் மட்டும் போதாது, வியர்வையோடு போகும் உப்பும் திரும்ப வர வேண்டும். பாமசிகளில் விற்கும் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பொதிகள் இரண்டு, சட்டைப் பையில் இருக்கட்டும்.

இனிச் சொல்வதை யாரும் இலேசாக எடுக்கக் கூடாது. மலைப் பாதையில் சிறுநீர் கழிக்கவோ படம் எடுக்கவோ பாறைக்குப் பின்னால் போவது சாதாரணம். வன்னியில் பற்றைக்குள் கால் வைக்காதீர்கள். போர் முடிந்து வருடங்கள் போனாலும் மிதிவெடி அகற்றும் வேலை முடிந்துவிடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த தடத்தில் மட்டும் போங்கள். குறுக்குப் பாதை என்று கைபேசி காட்டும் காட்டு வழியை, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் நம்பாதீர்கள்.

மாரியில் வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அல்ப்ஸில் பனி விழுந்தால் கணவாய்க்குத் தடை போட்டு, மூடியதாகப் பலகை வைத்து, கோடை தொடங்கும்போதுதான் திறப்பார்கள். இங்கே வீதியை மூட எல்லா இடத்திலும் ஆள் நிற்க மாட்டார்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த செய்தி கேட்டால் கீழ்ப்பக்க வீதிகளை விட்டுவிடுங்கள். பாலத்துக்கு மேலால் ஓடும் தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும் சைக்கிளோடு இறங்க வேண்டாம்.

அப்புறம் ரயர். 25 மில்லிமீற்றர் ரயர் ஏ9 வீதியின் வழவழப்பான காப்பெட் தாருக்குச் சரி, உள்வீதிக் கிரவலுக்குச் சரிவராது. சட்டகம் இடம் கொடுத்தால் 32 போடுங்கள். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் எதையும் திருத்திக் கொடுக்கும் கைகாரர், ஆனால் உங்கள் மெல்லிய சில்லுக்கான ரியூப் அவரிடம் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், சின்னப் பம், அதோடு உங்கள் ஒல்லி வால்வில் ஊர்ப் பம் பொருந்துவதற்கான பித்தளை மாற்றி ஒன்று. மாற்றியை சூரிச்சிலேயே வாங்கி, வால்வில் பூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.