வீட்டில் பிள்ளை பார்த்த ஆண்டுகளைப் பென்ஷன் கணக்கில் ஏற்றுவது எப்படி?

பிரிட்டனில் முழு ஸ்டேட் பென்ஷன் (அரசு தரும் முதியோர் ஓய்வூதியம்) கிடைக்க 35 ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்திலிருந்து அரசுக்குக் கட்டும் காப்பீட்டுத் தொகை) கணக்கு வேண்டும். 10 ஆண்டுகூட இல்லையென்றால் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. 2025-26இல் முழுத் தொகை வாரம் 230.25 பவுண்டு. அப்படியானால் விடுபட்ட ஓர் ஆண்டுக்கு வாரம் 6.58 பவுண்டு குறையும், அதுவும் ஆயுள் முழுக்க. (2016க்கு முன்பே கணக்கு உள்ளவர்களுக்குக் கணக்கிடும் முறை சற்று வேறு.)

வேலையை விட்டுப் பிள்ளை பார்த்த ஆண்டுகளுக்கும் அரசு கிரெடிட் தருகிறது, அதாவது பணம் கட்டாமலே அந்த ஆண்டு கணக்கில் ஏறும். அது யார் பேரில் விழுகிறது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

12 வயது நிரம்பாத பிள்ளைக்கு யார் பேரில் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு தரும் உதவித்தொகை) விண்ணப்பம் இருக்கிறதோ அவருக்கே கிரெடிட் தானாகப் போகும். படிவம் நிரப்பியவர் கணவர் என்றால் அது அவர் கணக்கில் வீணாகும். சம்பளத்திலிருந்தே அவருக்கு ஆண்டு நிரம்பிவிடும். வீட்டில் இருக்கும் மனைவி கணக்கிலோ ஓட்டை. இப்படி ஆகியிருந்தால் சிஎஃப் 411ஏ படிவத்தில் கிரெடிட்டை மனைவி பேருக்கு மாற்றக் கேளுங்கள்.

இருவரில் ஒருவர் ஆண்டு வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டினால் பெனிஃபிட்டை வரியாகத் திருப்பிக் கட்ட நேரும். 80,000இல் முழுதும் போய்விடும். ‘பிறகு எதற்கு விண்ணப்பம்?’ என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பித்துவிட்டு, பணம் வேண்டாம் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், கிரெடிட் வந்துசேரும். குழந்தை பிறந்ததுமே செய்யுங்கள், சைல்ட் பெனிஃபிட்டைப் பின்தேதியிட்டுத் தருவது 3 மாதத்துக்குத்தான்.

அரசு இணையதளத்தில் உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் ரெக்கார்டைத் திறந்து, பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ‘ஃபுல் இயர்’ என்றிருந்தால் கவலையில்லை. ‘இயர் இஸ் நாட் ஃபுல்’ என்றிருக்கும் ஆண்டுகளைத் தாளில் குறித்து, பக்கத்தில் அப்போது பிள்ளையின் வயதை எழுதுங்கள். 12க்குக் கீழே என்றால் அந்த ஆண்டு உங்களுக்குச் சேரவேண்டியதாக இருக்கலாம்.

அம்மாமாரின் ரெக்கார்டையும் எடுத்துப் பாருங்கள். 1978 முதல் 2010 வரை இருந்தது பிள்ளை பார்த்தவர்களின் பென்ஷனைக் காக்கும் ‘ஹோம் ரெஸ்பான்சிபிலிட்டீஸ் புரொடெக்‌ஷன்’ என்ற வேறு ஏற்பாடு. அதில் பிள்ளை வயது வரம்பு 16. 2000 மே மாதத்துக்கு முந்தைய சைல்ட் பெனிஃபிட் விண்ணப்பங்கள் பலவற்றில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் எழுதப்படவில்லை, அதனால் அந்த ஆண்டுகள் பதிவேறாமலே போயின. ஏற்கெனவே பென்ஷன் வாங்குபவரும் சிஎஃப் 411 படிவத்தில் கேட்கலாம்.

நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ வாரம் 20 மணி நேரமாவது பராமரித்தால் ‘கேரர்ஸ் கிரெடிட்’ உண்டு. இது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். பராமரிக்கப்படுபவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற உதவித்தொகை இல்லையென்றால், மருத்துவரோ சமூகப் பணியாளரோ கையெழுத்திட்ட சான்று தேவை. பராமரிப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகையான கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குபவருக்குத் தனி விண்ணப்பம் வேண்டாம்.

பெற்றோர் வேலைக்குப் போகப் பேரப்பிள்ளையைப் பார்க்கும், பென்ஷன் வயதாகாத பாட்டி தாத்தாவுக்கும் வழியிருக்கிறது. தாயின் சம்பளத்தாலேயே அவருக்கு ஆண்டு நிரம்பிவிட்டால், சைல்ட் பெனிஃபிட் கிரெடிட்டை அவர்கள் பேருக்கு மாற்றலாம். சிஏ 9176 படிவத்தில் தாயும் கையெழுத்திட வேண்டும். வரி ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 31க்குப் பிறகு அனுப்புங்கள்.

ஓட்டையைக் காசு கட்டி அடைக்க 2025-26இல் ஓர் ஆண்டுக்கு 923 பவுண்டு ஆகும். இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் எதுவும் விடுபடவில்லை என்று உறுதிசெய்த பிறகே அந்தப் பணத்தைக் கட்டுங்கள்.