கறிவேப்பிலைத் தொட்டியில் வேஷம் மாறும் புழு: வளர்த்துப் பார்ப்பது எப்படி?

மொட்டைமாடிக் கறிவேப்பிலையில் புழு வந்தால் உடனே மருந்தைத் தேடுவதுதான் சென்னையில் வழக்கம். அடிக்கும் முன் ஒரே ஒரு புழுவை எடுத்து வளர்த்துப் பாருங்கள். பறவை எச்சம், பச்சை இலை, ஒடிந்த குச்சி என்று அது அடுத்தடுத்துப் போடும் வேஷங்களை ஒரு மாதத்துக்குள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இங்கே கறிவேப்பிலைக்கு முட்டையிட வருபவை பெரும்பாலும் இரண்டு பட்டாம்பூச்சிகள்: எலுமிச்சைப் பட்டாம்பூச்சி, காமன் மார்மன். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முட்டையைக் கொழுந்தில் தேடுங்கள். 1 மி.மீ. அளவில், வெளிர்மஞ்சளாக, வழுவழுப்பான உருண்டை, ஒன்றொன்றாகத்தான் ஒட்டியிருக்கும். செடியில் கொழுந்தே இல்லையென்றால் நுனிக்கிளையை நறுக்கிவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஐப்பசி மழைக்குத் தளிர் தானாகவே வரும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். இலை முற்றிக் கிடக்கும், டப்பாவுக்குள் சூடும் ஏறிவிடும்.

தேவையானவை: 2 லிட்டர் அளவுள்ள, 20 செ.மீ.க்குக் குறையாத உயரமுள்ள பிளாஸ்டிக் டப்பா. வாயைக் கட்டப் பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்ட். அடியில் விரிக்க டிஷ்யூ பேப்பர். ஒரு சின்ன மருந்து பாட்டில். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஈர்க்கைச் செருகி, வாயைப் பஞ்சால் இறுக்கி அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். புழுவை விரலால் பிய்த்து எடுக்காதீர்கள். அது பட்டு நூலைப் பின்னி இலையைப் பிடித்திருக்கும். இழுத்தால் கால் போய்விடும். ஈர்க்கோடு நறுக்கி எடுப்பதே நல்லது.

காய்கறிக்கடையில் கொசுறாக வரும் கறிவேப்பிலையைக் கொடுக்கவே கூடாது. அதில் பூச்சிமருந்து இருந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. புழு பச்சையாகக் கக்கிச் சாகும். ஒரு டப்பாவுக்கு இரண்டு புழுவுக்கு மேல் போடாதீர்கள். கழிவைத் தினமும் தட்டி, பேப்பரை மாற்றுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். புழு கறுத்துக் கூழாகிப் போவதற்கு நெரிசலும் ஈரமுமே பெரும்பாலும் காரணம்.

இனி வேஷத்துக்கு வருவோம். புழு தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவங்களாக வளரும். முதல் நான்கு பருவமும் எச்சம்தான். கரும்பழுப்பு உடம்பில் நடுவே வெள்ளைப் பட்டை, மேலே ஈரம் காயாத மினுமினுப்பு. இலையின் மேற்பக்கத்தில், கண்ணுக்கு எதிரேயே, உடம்பை லேசாக வளைத்து அசையாமல் கிடக்கும். உணவு தேடும் குருவி எச்சத்தைக் கொத்தாது என்பதால் இதற்கு மறைவிடமே தேவைப்படுவதில்லை.

ஆனால் விரல்நீள எச்சம் கிடையாது. உடம்பு பெருத்தபின் அந்த வேஷம் எடுபடாது. ஐந்தாம் பருவத்துக்குத் தோலுரிக்கும்போது ஒரே தாவலாகப் பச்சையாகிவிடுகிறது. உரிப்பதற்கு முன் ஒரு நாள்போல் தின்னாமல் அசையாமல் இருக்கும். செத்துவிட்டதென்று தொட்டுக் கெடுத்துவிடாதீர்கள். இதே குடும்பத்து ஆசிய இனமொன்றில், இளநிலை ஹார்மோன் (புழுவை இளம்பருவத்திலேயே வைத்திருக்கும் சுரப்பு) குறைவதுதான் இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

பச்சைப் புழுவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெரிய கண்கள்போலத் தெரிபவை கண்களே அல்ல, முதுகில் உள்ள புள்ளிகள். நிஜத் தலை சின்னதாகக் கீழே மடங்கியிருக்கும். மெல்லிய தூரிகையால் ஒரே ஒருமுறை தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு நீளும். கெட்டுப்போன வெண்ணெய்போல ஒரு நாற்றம் வரும். திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம், புழுவுக்கு அது வீண் செலவு. இந்தப் பருவத்தில் தீனி மளமளவென்று தீரும். ஓரடிச் செடி ஒரு புழுவுக்கே பற்றாது.

பிறகு ஒருநாள் நீர்த்த கழிவு போட்டுவிட்டு டப்பா முழுக்க அலையும். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஒரு பச்சைக் கிளையும் ஒரு காய்ந்த குச்சியும் சாய்த்து வையுங்கள். இலையும் பச்சைத் தண்டும் சூழ்ந்த இடத்தில் பெரும்பாலும் பச்சைக் கூடும், காய்ந்த குச்சியில் பழுப்புக் கூடும் அமையும். இடுப்பில் பட்டு நூல் கட்டிச் சாய்ந்து தொங்கும் அதை ஒடிந்த குச்சித் துண்டு என்றே நினைக்கத் தோன்றும். கூட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது என்று அர்த்தம். வெளியில் வெகுநாள் இருந்த புழுக்களுக்கு இது சகஜம். அதனால்தான் முட்டையிலிருந்தே தொடங்கச் சொல்கிறோம்.

பத்து நாள் சுமாருக்குள் கூடு கறுத்து, இறக்கையின் நிறம் உள்ளிருந்து தெரியும். மறுநாள் காலையில் பூச்சி வெளிவரும். இறக்கை விரியத் தொங்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் கசங்கியே காய்ந்துவிடும். அப்போது சொட்டும் செந்நிற நீர் ரத்தமல்ல. இரண்டு மணி நேரமாவது காயவிட்டு, வெயில் ஏறுமுன் செடியில் விடுங்கள்.

வந்தது காமன் மார்மன் பெண்ணாக இருந்தால் கடைசி வேஷமும் காத்திருக்கிறது. சில பெண்கள் ஆணைப்போலவே இருக்கும். வேறு சில, புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேறிய காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சிகளில் ஒன்றின் இறக்கையை அச்சாகப் பிரதியெடுத்திருக்கும். இதை நிர்ணயிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்டோர் 2014-இல் கண்டறிந்தார்கள். கிண்டிப் பூங்காவில் கிரிம்சன் ரோஸ் பறப்பதைப் பார்த்தால் இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். அசலுக்கு உடம்பு ரத்தச் சிவப்பு. மார்மனுக்குக் கறுப்பு.