ஏ.சி. ஜெனரேட்டர் எப்படி ஓடுகிறது, எங்கே இழக்கிறது: பழைய சைக்கிள் டைனமோவை வைத்து ஒரு செய்முறை

குன்னூரில் காற்று பலமாக அடித்தால் எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாயும், கரண்ட் போய்விடும். அப்படி ஓர் இரவில் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "அண்ணா, பைக்காரா, குந்தா கரண்ட் ஸ்டேஷன் எல்லாம் நம்ம மாவட்டத்துலதானே இருக்கு. அங்க உள்ள என்னதான் சுத்துது?" வாயால் சொல்வதைவிடக் கையில் கொடுத்துவிடுவது சுலபம் என்று தோன்றியது. மறுவாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையில் பழைய டைனமோ ஒன்றை வாங்கி வந்தேன். மலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் குறைவு, அதனால் இங்கே தேடி அலைய வேண்டாம்.

தேவையானவை: 6 வோல்ட், 3 வாட் டைனமோ, அதற்கேற்ற பல்பு, ஒரு சைக்கிள், மல்டிமீட்டர், சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு எல்.இ.டி., ஒரு 470 ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் வயர்.

படி 1: மாட்டுவது

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் டயரில் உரசும்படி டைனமோவை மாட்டுங்கள். அடியில் ஒரே ஒரு முனைதான் இருக்கும். இன்னொரு முனை டைனமோவின் உடம்பேதான். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பெயின்ட் மேல் வயரைச் சுற்றினால் கரண்ட் வராது. கிளாம்ப் திருகின் அடியில் கத்தியால் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு வயரை வையுங்கள்.

உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது, அதைச் சுற்றி ஒரு செம்புச் சுருள் அசையாமல் இருக்கிறது. ஆர்வத்தில் காந்தத்தை வெளியே உருவிவிடாதீர்கள். நான் உருவி ஒரு ராத்திரி மேசையில் வைத்திருந்தேன், மறுநாள் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. பழைய வகைக் காந்தங்கள் இரும்புக் கூட்டை விட்டு வெளியே வந்தால் வலிமை குறைந்துவிடும்.

படி 2: மாறுதிசையைக் கண்ணால் பார்ப்பது

மல்டிமீட்டரை டி.சி.யில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வைத்துப் பெடலைக் கையால் சுற்றுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். ஏ.சி.க்கு (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) மாற்றினால் வோல்ட் தெரியும். டைனமோ என்பது வழக்கமாக டி.சி. தரும் இயந்திரத்தின் பெயர் என்றாலும் இதிலிருந்து வருவது ஏ.சி.தான்.

சரி, மீட்டர் சொல்வதை நம்பாதவர்களுக்கு: இரண்டு எல்.இ.டி.களையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணையாகச் சேர்த்து, ரெசிஸ்டரோடு டைனமோவில் கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் பெடலை மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் எல்.இ.டி.களைக் கையில் பிடித்து வேகமாக விசிறட்டும். இருட்டில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, மறுபடி சிவப்பு என்று புள்ளிக்கோலம் போட்ட மாதிரி தெரியும். காந்தத்தின் வடமுனை சுருளைக் கடக்கும்போது ஒரு திசை, தென்முனை கடக்கும்போது எதிர்த்திசை. 1831இல் ஃபாரடே கண்டது இதைத்தான்: சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் மின்சாரம் பிறக்கும்.

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைக் காந்தத்தின் துருவங்களின் (வட, தென் முனைகளின்) எண்ணிக்கையால் பெருக்கி 120ஆல் வகுத்தால் அதிர்வெண், அதாவது விநாடிக்கு எத்தனை முறை மின்சாரம் போய்த் திரும்புகிறது என்பது. நம் வீட்டு மின்சாரத்துக்கு விநாடிக்கு 50, அதாவது 50 ஹெர்ட்ஸ் வேண்டும். இரண்டே துருவம் உள்ள அனல்மின் நிலைய ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும், பத்துத் துருவம் இருந்தால் 600 போதும். நீர்மின் நிலையங்களில் நிதானமாகச் சுற்றுவதன் ரகசியம் அவ்வளவுதான். அங்கே காந்தமும் நிலைக்காந்தம் இல்லை, டி.சி. கொடுத்து உண்டாக்கும் மின்காந்தம்.

படி 3: இழப்பை அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெடலை ஒரே வேகத்தில் சுற்றிவிட்டுக் கையை எடுத்து, சக்கரம் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். மூன்று முறை செய்ய வேண்டும்.

முதலில் டைனமோவை டயரிலிருந்து விலக்கி வைத்து. எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஓடியது. இங்கே பேரிங்கும் காற்றும் தின்பது மட்டும்தான்.

அடுத்து டைனமோவை டயரில் சாய்த்து, வயர் எதுவும் இணைக்காமல். பத்து விநாடிகூட ஓடவில்லை! ஒரு துளி மின்சாரமும் எடுக்கவில்லை, பிறகு யார் பிடித்து நிறுத்துகிறார்கள்? டயர் உரசுவது ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி இரும்பு இழப்பு. சுருளைத் தாங்கும் இரும்பை ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காந்தமாக்க வேண்டும். இரும்பு அதற்கு முரண்டு பிடிக்கும். பாடப்புத்தகம் இதைக் காந்தத் தயக்கம் என்கிறது. தவிர, இரும்பும் மின்கடத்திதானே? அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பி, யாருக்கும் உதவாமல் சூடாக்கிக்கொண்டிருக்கும். பெரிய ஜெனரேட்டர்களில் இதைத் தடுக்க, சுமார் அரை மில்லிமீட்டர் சிலிக்கான் எஃகுத் தகடுகளை வார்னிஷ் பூசி அடுக்குகிறார்கள். வயலில் தண்ணீர் பரவாமல் வரப்புப் போடுவது போல.

மூன்றாவது, பல்பை இணைத்து. இன்னும் சீக்கிரம் நிற்கும், பெடலும் கனக்கும். சுருளில் ஓடும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தைப் பிடித்து இழுக்கிறது. இதற்கு லென்ஸ் (Lenz) விதி என்று பெயர். ஊட்டியில் ஆயிரம் பேர் ஹீட்டர் போட்டால் பைக்காரா தண்ணீரில் ஓடும் சிங்காரா மின்நிலையத்தில் சக்கரத்தின்மேல் இன்னும் தண்ணீரைத் திறக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

படி 4: சுருளில் போவது

சக்கரத்தை நிறுத்திவிட்டு டைனமோவின் முனைக்கும் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். (முதலில் மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றாகத் தொடவைத்து, வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) என்னுடையதில் 4 ஓம். 3 வாட் பல்பு 6 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும். மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மின்தடையாலும் பெருக்கினால் சுருளில் போகும் இழப்பு: 0.5 × 0.5 × 4 = 1 வாட். பல்புக்கு மூன்று போனால் செம்புச் சுருள் ஒன்றைத் தின்கிறது. ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு டைனமோவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்தச் சின்ன டைனமோவில் கை போடும் உழைப்பில் பாதிகூடப் பல்புக்குப் போவதில்லை.

பெரியது அப்படி இல்லை. பைக்காரா இறுதிநிலைத் திட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேலிருந்து விழும் நீர் பெல்டன் சக்கரங்களில் அடித்து, 50 மெகாவாட் ஜெனரேட்டர்கள் மூன்றைச் சுற்றுகிறது. அந்த அளவு ஜெனரேட்டரில் இழப்பு ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் 50 மெகாவாட்டில் 2 சதவீதம் என்பது 1 மெகாவாட், அதாவது ஒரே அறைக்குள் ஆயிரம் ரூம் ஹீட்டர்! அந்தச் சூட்டைக் காற்றும் குளிர்ந்த நீரும் ஓயாமல் வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிந்ததும் டைனமோவை டயரிலிருந்து விலக்க மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏற்றத்தில் பாதி வழி போய், இறங்கித் தள்ளிக்கொண்டே வந்து என்னைத் திட்டினான்.