மேலாளர்களுக்குப் புத்தாக்க மேலாண்மை கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுப் பணி அனுபவம் உள்ள மேலாளர்களுக்குத் தொழில்நுட்ப, புத்தாக்க மேலாண்மையைக் கற்பிக்கையில் நேரும் பெருந்தவறு, முடிவு தெரிந்த கதையை முடிவிலிருந்தே சொல்வதாகும். டிஜிட்டல் கேமராவைத் தானே உருவாக்கிவிட்டு அதை அலட்சியம் செய்ததால்தான் புகைப்பட ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது என்று இரண்டு வரிகளில் சொன்னால் வகுப்பே தலையசைக்கும்; ஆனால் எவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

அதே வரலாற்றை 1975இல் நிறுத்திக் கற்பிக்கலாம். அந்த ஆண்டு கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை கொண்டது. 10,000 பிக்சல் அளவிலான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. படத்தைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி தேவைப்பட்டது. ஃபிலிம் வியாபாரமோ அப்போது கொழித்துக்கொண்டிருந்தது. இவற்றை மட்டும் கொடுத்து, இத்திட்டத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவீர்கள், எந்த அறிகுறி தென்பட்டால் கூட்டுவீர்கள், எப்போது கைவிடுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்க வேண்டும். கதை முன்பே தெரிந்தவர்களுக்கும் தொகையை எழுதும்போது கை தயங்கும். விவாதத்துக்கு முன்பே எழுதி வாங்காவிட்டால், உயர்பதவியில் இருப்பவரின் கருத்தே வகுப்பின் கருத்தாகிவிடும்.

அலட்சியம் என்ற விளக்கமே அரைகுறையானது. 2005இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக் முதலிடத்தில் இருந்தது. ஆனால் ஃபிலிம் ஈட்டித் தந்த லாபத்தைக் கேமரா தரவில்லை, பின்னர் கைபேசி அந்தச் சந்தையையும் விழுங்கியது. ஃபிலிம் விற்பனையில் அதே சரிவைச் சந்தித்த ஜப்பானிய நிறுவனமான ஃபியூஜிஃபிலிம், ஃபிலிம் வேதியியலில் பெற்றிருந்த தேர்ச்சியை எல்சிடி திரைகளுக்கான படலங்களுக்கும் சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கும் திருப்பியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால்தான் லாபம் எங்கிருந்து வருகிறது, கைவசமுள்ள திறன் வேறெங்கே பயன்படும் என்ற கேள்விகள் எழும்.

பங்கேற்பாளர்களைச் சொந்த நிறுவனத் திட்டங்களைக் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர்கள் ரகசியக் காப்பு பற்றி முன்கூட்டியே பேசத் தவறுகிறார்கள். போட்டி நிறுவனத்தவர் அதே அறையில் இருக்கையில், ஏற்கெனவே விளம்பரமாகிவிட்ட வெற்றிகளே மேசைக்கு வரும். பெயரை நீக்கி, ரூபாய்க் கணக்கை விகிதங்களாக மாற்றித் தர அனுமதித்தால், சிக்கலில் கிடக்கும் திட்டங்களும் வெளியே வரக்கூடும். சந்தைக்கு வந்த புதிய மென்பொருள்களைக் காட்டியே நேரத்தைப் போக்குவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதை விற்பனையாளரே இலவசமாகச் செய்வார்.

தேர்விலும் தவறு நேர்கிறது. வரையறைகளைக் கேட்கும் வினாத்தாளை நினைவாற்றல் உள்ள எவரும் எழுதிவிடுவார். அதற்குப் பதிலாக, தம் துறையில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தை நிறுத்துவதற்கான பரிந்துரையை ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லி, நிதித் துறையிலிருந்து வந்த சக மாணவரைக் குறுக்குக் கேள்வி கேட்க வைக்கலாம். திட்டத்தைத் தொடங்கியதற்குப் பதவி உயர்வு பெற்றவர்கள் உண்டு, நிறுத்தியதற்குப் பெற்றவர்கள் அரிது என்பதால், இந்தப் பயிற்சி மேலாளர்களுக்கு அலுவலகத்தில் எளிதில் வாய்ப்பதில்லை.