உயிர்த்தெழுவார் என்று காத்திருக்கும் வீட்டில் உறவினர் செய்ய வேண்டியது

2020 டிசம்பர் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பெண் காவலரின் வீட்டுக்குள் போலீசார் நுழைந்தபோது, அவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜெபித்தால் எழுந்துவிடுவார் என்று நம்பி உடலை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். பஞ்சாபின் நூர்மஹலில் 2014 ஜனவரியில் இறந்ததாக மருத்துவர்கள் சொன்ன ஆசிரமத் தலைவரை, ‘சமாதி நிலையில் இருக்கிறார்’ என்று சீடர்கள் ஃப்ரீசரில் வைத்தார்கள். எரிக்கச் சொல்லி அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் மேல்முறையீட்டில் உடலைப் பாதுகாக்க அனுமதி கிடைத்துவிட்டது. மதம்தான் வேறு, பிடிவாதம் ஒன்றே.

இப்படி ஒரு வீடு உங்கள் சொந்தத்தில் இருந்தால், முதல் நாளே போய்ச் சேருங்கள். அன்றைக்கு ஒரு டாக்டர் வந்தாலே வேலை முடியும். மூன்றாம் நாள் போனால் போலீஸ் இல்லாமல் நடக்காது.

வாசலிலேயே வேதாந்தம் பேசாதீர்கள். “செத்துப்போயாச்சு, இன்னும் என்ன ஜெபம்?” என்றால் கதவு சாத்தப்படும், அடுத்த முறை போனைக்கூட எடுக்க மாட்டார்கள். பேச்சை உயிரின் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: “அக்கா, டாக்டர் ஒருதடவை பார்த்துட்டுப் போகட்டும். உயிர் இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாமே.” இதை மறுக்க அவர்களின் நம்பிக்கையிலேயே இடமில்லை. டாக்டர் நாடி, மூச்சு, கண்மணி பார்ப்பார். முடிந்தால் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் வாதாடுவதைவிட, நேர்கோடாக ஓடும் அந்தக் காகிதம் அதிகம் பேசும். 108-ல் வருபவர்கள் பரிசோதிப்பார்கள், ஆனால் இறப்புச் சான்று தர மாட்டார்கள்.

குடும்பம் எதையெல்லாம் ‘அடையாளம்’ என்று பிடித்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. முக்கால்வாசிப் பிடிவாதம் அங்கேதான் வளர்கிறது.

உடல் விறைப்பது நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு மணி நேரத்தில் கண் இமையிலும் தாடையிலும் தொடங்கும். கோடையில் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் அதுவே விட்டுவிடும். அதாவது முதல் நாள் கட்டைபோலக் கிடந்த கை, மறுநாள் மடக்கினால் மடங்கும். “பாருங்க, இளகிடுச்சு, உயிர் திரும்புது” என்று வீடே அழும் நேரம் அது. தசைக்குள் நடக்கும் சிதைவுதான் அந்த இளக்கம். அடுத்தது சத்தம். உடலைப் புரட்டும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள காற்று தொண்டை வழியே வெளியேறும், முனகல்போலக் கேட்கும். தோல் வற்றிப் பின்வாங்குவதால் நகமும் தாடியும் வளர்ந்ததுபோலத் தெரியும். மூக்கிலும் வாயிலும் சிவப்பு நீர் வடிவது ரத்த ஓட்டமல்ல, உள்ளே அழுகலில் உண்டான வாயு அழுத்தித் தள்ளுவது. ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தால் கண்ணாடியில் படியும் ஈரம் ‘மூச்சு’ ஆகிவிடும். பெட்டியைத் திறந்தபின் முகத்தில் அரும்பும் நீர்த்துளி ‘வியர்வை’ ஆகிவிடும். குளிர்ந்த சொம்பை வெளியே எடுத்து வைத்தால் வேர்ப்பதும் இப்படித்தான் என்று ஒரு சொம்பையே எடுத்து வைத்துக் காட்டலாம்.

பொய்க்காத அடையாளம் அடிவயிற்றின் வலது பக்கம் தோன்றும் பச்சை நிறம். வெயில் காலத்தில் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் மட்டும் இதைத் தனியே காட்டுங்கள். கூட்டத்தில் காட்டினால் அது அவமதிப்பாகிவிடும்.

யாரைத் துணைக்கு அழைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காத்திருக்கச் சொன்ன பாஸ்டரையோ சாமியாரையோ அழைக்காதீர்கள். எல்லார் முன்னாலும் அவரால் பின்வாங்க முடியாது. எதிர்த் தரப்பு ஆளும் வேண்டாம், பகுத்தறிவு பேசுபவரும் வேண்டாம். அதே சபையின் மூப்பர், அதே மரபின் வயதான குருக்கள் சரி. பைபிளில் லாசரு நாலு நாள் கழித்து எழுந்தான் என்று ஒருவர் எடுத்தால், “அவனையும் கல்லறையில் வைத்த பிறகுதானே இயேசு எழுப்பினார்?” என்று கேட்க அந்த மூப்பருக்குத்தான் உரிமை உண்டு.

கெடு கேட்டால் 24 மணி நேரம் கொடுங்கள், மூன்று நாள் கொடுக்காதீர்கள். எந்த மணிக்கு அடக்கம் என்று குடும்பத்தின் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாடகை ஃப்ரீசர் பாக்ஸ் ஓரிரு நாளுக்கானது; கரண்ட் போனால் குளிர் இறங்கிவிடும், ஏற்கெனவே உப்பிய உடலை அது சீராக்காது. உடல் கெடாமல் இருப்பதே சிலருக்கு இன்னொரு ‘அடையாளம்’ ஆவதால், பெட்டியை நீட்டிக்க ஒத்துக்கொள்ளவே கூடாது.

கெடு தாண்டினாலோ, எப்படி இறந்தார் என்பதே தெரியாவிட்டாலோ அவசர உதவி எண் 112-க்குச் சொல்லுங்கள். கடைசியாக அவரை உயிருடன் பார்த்த நாள், வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, என்ன நோய் இருந்தது, நாற்றம் வருகிறதா என்று இந்த ஐந்தையும் வரிசையாகச் சொன்னால் போதும். சந்தேக மரணமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவில் போலீஸ் விசாரணை, தேவைப்பட்டால் போஸ்ட்மார்ட்டம். நீங்களே கதவை உடைக்காதீர்கள்.

குழந்தைகள் இருந்தால் அவர்களை அன்றே பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். விட மறுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். “அம்மா தூங்குறாங்க” என்று சொல்லி வைத்திருப்பார்கள். “அம்மா இறந்துட்டாங்க, இனி எழுந்துக்க மாட்டாங்க” என்று நேராகச் சொல்லுங்கள். தூக்கம் என்று கேட்ட பிள்ளை, பிறகு தானே தூங்கப் பயப்படும்.

நாள் கடந்த உடலைக் குளிப்பாட்ட வேண்டாம். தோல் உரிந்து கையோடு வரும், அந்தக் காட்சி குடும்பத்தை விட்டுப் போகாது. சடங்குக்கு மூடிய துணிமேல் நீர் தெளித்தால் போதும். கையுறை, முகக்கவசம், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, பிணவறைப் பணியாளர் ஒருவர் இருந்தால் மற்றது நடக்கும். நாற்றம் ஊருக்கு நோய் பரப்பும் என்பது வெறும் பயம். கவனிக்க வேண்டியது உடலிலிருந்து வடியும் திரவத்தை.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் வி.ஏ.ஓ., நகரத்தில் சுகாதார ஆய்வாளர். கடைசியாகப் பார்த்த டாக்டர் மரணக் காரணச் சான்றை இலவசமாகத் தர வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்குமேல் ஓராண்டு வரை அதிகாரியின் எழுத்து அனுமதி. ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. சான்று இல்லாமல் குடும்ப ஓய்வூதியமும் நகராது, இன்சூரன்ஸும் நகராது.

அடக்கம் முடிந்த பிறகு “நம்ம விசுவாசம் பத்தலை, அதான் எழுந்திரிக்கலை” என்று ஒருவர் தன்னையே குற்றம் சொல்ல ஆரம்பிப்பார். சில வாரங்களுக்கு அவரைத் தனியே விடாதீர்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். “அவர் கூப்பிடுறார், நாங்களும் போறோம்” என்ற பேச்சு வந்தால் அன்றிரவே ஆள் போக வேண்டும். 2018 ஜூலையில் டெல்லி புராரியில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்து கிடந்தபோது, செத்துப்போன தகப்பனார் சொன்னதாக எழுதிவைத்த குறிப்பேடுகள் அந்த வீட்டில் இருந்தன.